பதினோராவது கேள்விக்கு வந்த ‘ம்’

பேருந்தில் முன்னிருக்கையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் புள்ளியம்மாவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். ஒருவர் தமிழில் திட்டுவதை நீதிமன்ற மொழிக்கும், மற்றவர் அந்த மொழியில் திருப்பித் திட்டுவதைத் தமிழுக்கும் மாற்றிக்கொண்டே வருவாள். சத்தம் வராது. பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துச் சற்றே தள்ளி உட்காருவார்கள். ஒருநாள் தன் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டு நடந்து திரும்பினாள். “அந்த ஆள் இன்னும் பதில் சொல்லி முடிக்கலை. பாதியில எப்படி இறங்குறது?” என்று வீட்டில் காரணம் சொன்னாள்.

வயது ஐம்பத்து நான்கு. தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்கு நீதிமன்றத்தில் வாயாக இருப்பது இருபத்திரண்டு வருடமாக அவளுடைய வேலை. நியமனக் கடிதத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று இருக்கிறது. தாழ்வாரத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒருவர் சொன்னதை முழுக்க மாற்றிச் சொன்னதும் அடிக்குரலில் “புள்ளி” என்பாள். வேலைக்கு வந்த புதிதில், மூச்சு வாங்க நிறுத்திய ஒரு சாட்சி பேசி முடித்துவிட்டதாக எண்ணி இவள் ஆரம்பித்துவிட்டாள். அவர் வாயில் மிச்சமிருந்த பாதி வாக்கியம் உள்ளேயே போய்விட்டது. அந்தப் பாதியில் என்ன இருந்ததென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அன்று வைக்கத் தொடங்கிய புள்ளி பெயராகவே ஒட்டிக்கொண்டது. வக்கீல்களுக்கும், காவலருக்கும், தேநீர் கொண்டுவரும் பெண்ணுக்கும் அவள் புள்ளியம்மா.

அந்த வேலையில் ஒரு வினோதமான விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். காலையில் “நான் பூட்டை உடைத்தேன்” என்பாள். மதியத்துக்குள் “என் கணவர் என்னை அடிப்பதில்லை, அந்தத் தழும்பு பழையது” என்பாள். மாலையில் வாடகைக்காரரை வெளியேற்றும் வீட்டுக்காரராக இருப்பாள். முகம் ஒன்றுதான். கெட்ட வார்த்தை வந்தாலும் காய்கறி விலை சொல்வதுபோல அதே குரலில் வரும். புதிதாய் வந்த எழுத்தர் ஒருவர், “ஆமாம், நான்தான் குத்தினேன்” என்று அவள் அமைதியாகச் சொன்னபோது பேனாவை நழுவவிட்டுவிட்டு அவளையே பார்த்தார். “நான் இல்லீங்க, அவரு,” என்று கூண்டைக் காட்டினாள். சட்டப்படி அந்த ஒரு வாக்கியம்கூட அவள் சொல்லியிருக்கக்கூடாது.

எதிரில் இருப்பவர் பேசும்போது ‘ம்’ கொட்டும் பழக்கத்தை அவள் முதல் இரண்டு வருடத்திலேயே விட்டுவிட்டாள். தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சிரமம். கதை சொன்னாலும், வழி சொன்னாலும், குறை சொன்னாலும் கேட்கிறவர் ‘ம்’ கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குக் கால் தரையில் பாவாது. ஆனால் நீதிமன்றத்தில் அவளுடைய ‘ம்’ சாட்சிக்குத் தைரியம் கொடுத்துவிடலாம், அல்லது ‘சரியாகச் சொல்கிறாய்’ என்று அர்த்தமாகிவிடலாம். அதனால் கல் மாதிரி கேட்பாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் தொலைபேசியில் ஐந்து வாக்கியத்துக்கு ஒருமுறை, “லைன்ல இருக்கியா, இல்லையா?” என்று கேட்பார். “கல்யாணமான புதுசுல நல்லா ‘ம்’ கொட்டினவதான். இப்பச் சுவத்துக்கிட்ட பேசினாலாவது எதிரொலி வருது,” என்பது கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்லும் குறை.

அவளைப் பெரிய திறமைசாலி என்று சொல்லிவிட முடியாது. அவளைவிட வேகமானவர்கள் இருக்கிறார்கள். சொல்வளம் கூடியவர்களும் இருக்கிறார்கள். அவளிடம் இருந்தது ஒரு பயம். இன்னொருவர் வாயில் தன் சொல்லைப் போட்டுவிடுவோமோ என்ற பயம். நேர்மை என்று நாம் சொல்லும் பல காரியங்களுக்கு அடியில் இப்படி ஒரு பயம்தான் வேலை செய்கிறது என்று தோன்றுகிறது. பயம் ஒரு கணம் கண்ணயர்ந்தால் நேர்மை எங்கே நிற்கும் என்பதை அவளும் யோசித்ததில்லை, போன மாதம் வரை.

போன மாதம், ஒரு பழைய வழக்கின் வக்கீல் கடிதத்தோடு வந்தார். எட்டு மாதத்துக்கு முன் முடிந்த வழக்கு அது. ஒரு பெண், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்பவள், பக்கவாதத்தில் விழுந்த தன் தம்பிக்குத் தன்னைச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டிருந்தாள். தம்பி இருபத்தாறு வருடம் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஊரில் அவர் பெயரில் இரண்டு அறை கொண்ட ஒரு வீடு இருக்கிறது. வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனபின் அக்காதான் போய்க் கூட்டிவந்தாள். மருத்துவர்களின் அறிக்கை, நீதிபதியின் விசாரணை எல்லாம் முடிந்து, தம்பியின் சொத்தைப் பார்த்துக்கொள்ளவும் தேவைப்பட்டால் விற்கவும் அக்காவுக்கு அதிகாரம் கொடுத்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு போனால் அந்த நாட்டு வங்கியும் பதிவு அலுவலகமும் திருப்பி அனுப்பிவிட்டன.

“நம்ம ஆர்டர் அங்க வெறும் காகிதம்க்கா,” என்று வக்கீல் அக்காக்காரிக்கு விளக்கியிருந்தார். “அங்க இருக்கிற கோர்ட்டு அதை ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டாத்தான் அதுக்கு உயிர்.”

“இங்க ஜட்ஜு அய்யா கையெழுத்துப் போட்டது அங்க செல்லாதா? அங்க வேற சாமியா?”

“வேற சட்டம்.”

அந்த வேறு சட்டம் கேட்டது ஒன்றைத்தான். சம்பந்தப்பட்ட மனிதருக்குத் தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கப்பட்டதா? அது கொடுக்கப்படாமல் பிறந்த உத்தரவை அந்த நாட்டு நீதிமன்றம் மதிக்காது. ஆகவே விசாரணையின் ஒலிப்பதிவு வேண்டும். அதைக் கேட்டுப் பார்த்து, ‘அவர் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொன்னேன்’ என்று மொழிபெயர்ப்பாளர் சத்தியப் பத்திரம் எழுதித் தரவேண்டும்.

“ரெண்டு வரிதான் புள்ளியம்மா. டைப் பண்ணியே கொண்டுவந்துட்டேன்,” என்றார் வக்கீல்.

“கேட்டுட்டுப் போடுறேன்.”

“கேக்காமலே போடலாம். உங்களைப் பத்தித் தெரியாதா?”

“கேட்டுட்டுன்னு அதுல எழுதியிருக்கே, வக்கீல் சார்.”

பதிவறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பஞ்சு கிழிந்த ஒரு ஹெட்ஃபோனைப் பதிவறைக்காரர் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். மொத்தம் பதினான்கு கேள்விகள். முதல் கேள்வி: இவர் உங்கள் அக்காதானா? நீதிபதியின் குரல், பிறகு அவளுடைய தமிழ், பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு ‘ம்’, பிறகு நீதிமன்ற மொழியில் அவள் சொன்ன ‘ஆம்’. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அவள் தன் வேலையை வெளியாள்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. அவசரம் இல்லை.

ஆறாவது கேள்வியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “உங்கள் காரியங்களை வேறு யாராவது பார்க்கவேண்டும் என்று விரும்புகிறீர்களா?” என்று நீதிபதி கேட்டிருந்தார். தம்பி ‘ம்’ என்றார். பதிவில் அவளுடைய குரல் ‘இல்லை’ என்றது.

திரும்பவும் போட்டுக் கேட்டாள். ஐந்தாவது கேள்வி, அக்கா பார்த்துக்கொள்ளலாமா என்பது. அதற்கு ஒரு ‘ம்’. அது ‘ஆம்’ ஆகியிருந்தது. ஆறாவதற்கும் அதே உயரம், அதே நீளம், அதே ‘ம்’. அது ‘இல்லை’ ஆகியிருந்தது. அந்த அறையில் இருந்த யாருக்கும் அன்று அது உறுத்தவில்லை. முதல் பதிலுக்கு அடுத்த பதில் பொருத்தமாக இருந்தது. பொருத்தம்தான் கண்ணை மறைத்திருக்கிறது. தமிழ்க் காதுக்கு ‘ம்’ என்பதில் ஆமும் உண்டு, இல்லையும் உண்டு, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு’ என்பதும் உண்டு. எது எதுவென்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அன்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாளா? நினைவுக்கு வரவில்லை. பார்த்திருக்கலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு மேலே கேட்டாள்.

பதினோராவது கேள்வி. “வெளிநாட்டில் உங்கள் பெயரில் இருக்கும் வீட்டை உங்கள் அக்கா விற்பதற்கு உங்களுக்குச் சம்மதமா?” அவளுடைய தமிழ் வந்தது: “அங்க இருக்கிற உங்க வீட்டை அக்கா விக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?” பிறகு அமைதி. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ‘ம்’. பிறகு ‘ஆம்’.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பதிவறைக்காரர், “மெஷின் இழுக்குதா?” என்று கேட்டார்.

“மெஷின் சரியாத்தான் இருக்கு.”

மறுபடி மாட்டினாள். நான்கு முறை கேட்டாள். ஐந்தாவது முறை பதிவறைக்காரர் கையில் ஹெட்ஃபோனைக் கொடுத்து, “இந்த இடத்துல என்ன கேக்குதுன்னு சொல்லுங்க,” என்றாள்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். “கேள்வி கேக்குறீங்க. அப்புறம் ‘ம்’னு சொல்றீங்க. அப்புறம்...”

“யாரு ‘ம்’னு சொல்றாங்க?”

“நீங்கதான். பொம்பளைக் குரல்தானே. ஏன்?”

இருபத்திரண்டு வருடமாகப் பல்லைக் கடித்து அடக்கிய ஒலி, சொந்தக் கணவருக்குக்கூடக் கொடுக்காத ஒலி, தன் குரலில், தெளிவாக, சத்தியப்பிரமாணம் எடுத்த மேசையிலிருந்து வந்திருந்தது. அடுத்த நொடி அவளே அதைக் கேட்டு, அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு, ‘ஆம்’ என்று மாற்றியும் சொல்லியிருந்தாள். அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. கேட்டதும் அவள், பதில் சொன்னதும் அவள், மொழிபெயர்த்ததும் அவள். கடைசியில் வழக்கம்போல ‘புள்ளி’ என்றும் சொல்லியிருந்தாள்.

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தால் அது அவளுக்குப் புரிந்திருக்கும். காசு வாங்கியிருந்தால் புரிந்திருக்கும். இது எதிலும் சேரவில்லை. குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள் கரண்டியை நீட்டும்போது தன் வாயையும் திறப்பார்களே, அப்படி நடந்திருக்கிறது. அந்த மனிதர் பத்துக் கேள்விக்குப் பாடுபட்டு ‘ம்’ சொன்னார். பதினோராவதற்கு உதடு துடித்து வராமல் போயிருக்கும். அவருக்காக இவள் தொண்டை அசைந்துவிட்டது. இரக்கம் என்றுதான் அதற்குப் பெயர் வைக்கவேண்டும். இரக்கம் ஒரு மனிதரின் வீட்டை அவர் வாயைத் திறக்காமலே விற்க அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அன்று மாலை வேறு மூன்று பழைய வழக்குகளின் பதிவுகளைக் கேட்டாள். எதிலும் அவளுடைய ‘ம்’ இல்லை. அது ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. மீதி ஆயிரக்கணக்கான பதிவுகளை யார் கேட்பது?

மறுநாள் வக்கீலிடம், கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னாள். காரணத்தையும் சொன்னாள்.

“நாலு செகண்ட் விஷயம், புள்ளியம்மா. அங்க இருக்கிற கோர்ட்டுல தமிழ் தெரிஞ்சவங்க யாரு இருக்கப் போறாங்க?”

“யாராவது இருப்பாங்க.”

“இருந்தாலும் ஆம்பளை ‘ம்’ எது, பொம்பளை ‘ம்’ எதுன்னு உக்காந்து பாக்கப் போறாங்களா?”

“பதிவறைக்காரரு ஒரே தடவையில கண்டுபிடிச்சாரு.”

வக்கீல் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அக்காக்காரியிடம் பாதிக் கட்டணம்தான் வாங்கியிருந்தார். “நீங்க எழுதிக் கொடுத்தா இந்த ஆர்டரே ஆடிப்போயிடும். திரும்ப முதல்ல இருந்து. உங்க வேலைக்கும் நல்லதில்லை. யாரும் கேக்காத ஒண்ணை நீங்களா ஏன் போய்ச் சொல்லணும்?”

“கேட்டிருக்காங்களே. கூட்டாம குறைக்காமச் சொன்னியான்னு கேட்டிருக்காங்க. நான் கூட்டிட்டேன்.”

அக்காக்காரிக்கு விஷயம் போய்ச் சேர ஒருநாள் ஆயிற்று. வேலை உடையோடு, சோப்பு ஊறி வெளுத்த கைகளோடு, தாழ்வாரத்தில் வந்து நின்றாள். அறுபது வயது. வழக்கில் இருப்பவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் தனியாகப் பேசக்கூடாது. புள்ளியம்மா தாழ்வாரக் காவலரைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள்.

“போலீஸைக் கூப்பிடுற அளவுக்கு நான் என்னம்மா செஞ்சேன்?”

“உங்களுக்காக இல்லைக்கா. எனக்குச் சாட்சி வேணும்.”

“அவன் ‘ம்’னா ஆமான்னுதான் அர்த்தம். அவனை வளர்த்தவ நான். அஞ்சு வயசுல இருந்து அவன் எங்கிட்டப் பேசினதே ‘ம்’தான். சாப்பிட்டியாடா, ‘ம்’. ஸ்கூல்ல அடி வாங்குனியாடா, ‘ம்’. கப்பலேறிப் போறியாடா, ‘ம்’. எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியும்க்கா. எனக்குத்தான் தெரியாது.”

“தெரியாதவ எதுக்கு அன்னைக்கு ‘ஆம்’னு சொன்னே?”

காவலர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்ப அவன் இருக்கிற மையத்துல வச்சுப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாங்க. அந்த வீடு வித்தாத்தான் அங்க வச்சிருக்க முடியும். இல்லைன்னா எங்கிட்டத்தான் வரணும். மூணாவது மாடி. லிஃப்ட் இல்லை. நான் ஈரத்துணி மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போனவ. அவனை எப்படித் தூக்குவேன்? நீ சொல்லு. அதையும் வேற மொழியில சொல்லு, எந்த மொழியில சொன்னா ஏறுதுன்னு பாப்போம்.”

திட்டியபின் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். புள்ளியம்மா உள்ளே போய், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி நீதிபதியின் எழுத்தரிடம் கொடுத்தாள். அந்தக் காகிதத்தில் எங்கும் ‘தவறுதலாக’ என்ற சொல் இல்லை. எழுதி, அடித்துவிட்டிருந்தாள்.

நீதிபதி அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவளோடு நூற்றுக்கணக்கான விசாரணைகளை நடத்தியவர். அதிர்ச்சியை மறைத்துக்கொள்ளத் தெரியாமல் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். “ஆறாவது கேள்விக்கு நானும் அங்கேதானே இருந்தேன்,” என்றார் கடைசியில். “அதே சத்தம் என்று எனக்கும் கேட்டிருக்க வேண்டும்.” பட்டியலில் இருந்த இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் வரும்வரை உத்தரவு தொங்கிக்கொண்டிருக்கும். மறு விசாரணைக்கு அவளையே வைத்துக்கொள்வது, ஒளிப்பதிவும் செய்வது, வக்கீலுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குவது என்று முடிவாயிற்று. அவள் மீதான நடவடிக்கை பிறகு.

விசாரணை பயிற்சி மையத்திலேயே நடந்தது. வெள்ளையடித்த சிறிய அறை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் முதலிலேயே ஒன்று சொன்னாள். “அவருக்குப் பதில் உள்ளே இருக்கிறது. வெளியே வர நேரமாகும். நீங்கள் மூன்றாவது கேள்வியில் இருக்கும்போது முதல் கேள்விக்கான பதில் வரலாம். இடையில் வரும் ‘ம்’ பெரும்பாலும் ‘கேட்கிறது’ என்பதுதான். தயவுசெய்து காத்திருங்கள்.”

நீதிபதியின் முகம் மாறியது. எட்டு மாதத்துக்கு முந்தைய அந்தப் பதில்கள் எந்தெந்தக் கேள்விக்கு உரியவை என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. அக்காக்காரி பயிற்சிக்காரியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவர் சொன்ன ‘ம்’களை அவள் மனது எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

தம்பி ஜன்னலோரச் சக்கர நாற்காலியில் இருந்தார். உயரமான மனிதர். இடது கை தொடைமேல் இருந்தது. நீதிபதி கேட்டார்: உங்கள் காரியங்களை அக்கா பார்த்துக்கொள்ளலாமா? புள்ளியம்மா தமிழில் கேட்டாள். கேட்டதும் கீழுதட்டைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டாள். உடனே ஒரு ‘ம்’ வந்தது. “‘ம்’ என்றார்,” என்று மட்டும் சொன்னாள். யாரும் எழுதவில்லை. காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் இருக்கும். அவருடைய தலை மெல்ல அக்காவின் பக்கம் திரும்பியது. “ம்ம்,” என்றார், இழுத்து, அழுத்தி. அது வேறு ‘ம்’ என்பது தமிழ் தெரியாத நீதிபதிக்கும் தெரிந்தது.

“வேறு யாராவது பார்க்கவேண்டுமா?”

காத்திருந்தார்கள். “ம்ஹூம்.”

பேச்சுப் போனபின் அந்தச் சத்தத்தை அவரிடமிருந்து யாரும் அதுவரை கேட்டதில்லை. பயிற்சிக்காரிகூட எழுந்து நின்றுவிட்டாள். ‘இல்லை’ என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதர் இத்தனை மாதம் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் நிற்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி. “அங்க இருக்கிற உங்க வீட்டை அக்கா விக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?”

உடனடி ‘ம்’ இந்த முறை வரவில்லை. அன்று பதினோராவது கேள்விக்கு வராததுபோலவே. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் உதடு துடித்தது. புள்ளியம்மாவின் தொண்டை அவளை அறியாமல் ஏறி இறங்கியது. பல் பதிந்த இடத்தில் உதடு வெளுத்தது. அக்காக்காரி முன்னால் சாய்ந்து, தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிடம் ஒளிப்பதிவில் இப்படியே இருக்கிறது.

“ம்ஹூம்,” என்றார்.

கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை: “ம்ஹூம்.” இடது கை தொடையிலிருந்து ஒரு அங்குலம் எழும்பி விழுந்தது.

வக்கீல் தமிழில், தாழ்ந்த குரலில், அவசரமாகச் சொன்னார்: “புள்ளியம்மா, கேள்வி சரியாப் புரியலை போல. இன்னொரு தடவை கேளுங்க.”

புள்ளியம்மா உதட்டை விடுவித்தாள். அந்த ஒலியை நீதிமன்ற மொழியில் சொல்வதற்கு அவளிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதைச் சொன்னால் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் அந்த முதுகு ஏறவேண்டியிருக்கும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் அக்காக்காரியின் குரல் வந்தது. சலவைப் பிரிவில் மேற்பார்வையாளரிடம் பேசிப் பழகிய நீதிமன்ற மொழி, நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லாத மொழி. நீதிபதியைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துக்கொண்டே அந்த மொழியில் சொன்னாள்.

“இல்லை. என் தம்பி இல்லை சொல்கிறான்.”

நீதிபதி உறுதிப்படுத்திக்கொள்வதற்காக மொழிபெயர்ப்பாளரின் பக்கம் திரும்பினார். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் போடப்பட்டிருந்த தன் நாற்காலியைப் புள்ளியம்மா இரண்டு கையாலும் பிடித்து, தரையில் உரசாமல் தூக்கி, ஓரடி பின்னால் வைத்துக்கொண்டாள்.